உணர்வில்லாத ஏஐக்கு நாம் சொல்வது புரியுமா?

கேள்வி: போன் ஏஐயிடம் தமிழில் கேட்டு ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கடிதம் எழுதுகிறோம். ஆள் மாதிரியே பதில் சொல்கிறது. உணர்வே இல்லாத ஒன்றுக்கு எப்படிப் புரியும்? நம்பி அனுப்பலாமா? – வாசகி, பொகவந்தலாவை

பதில்: ஓரளவு புரியும் என்றுதான் சொல்வேன். "அட்டை கடிச்சிருச்சு", "அட்டை தொலைஞ்சிருச்சு" என்று இரண்டையும் எழுதிப் பாருங்கள். முதலாவதற்குக் கடிவாய் பற்றிப் பேசும். இரண்டாவதற்குப் பொலிசில் முறைப்பாடு போடச் சொல்லும். கொழுந்தெடுக்கையில் அட்டை காலில் ஏறுவது எப்படி இருக்குமென்று அதற்குத் தெரியாது; பக்கத்துச் சொற்களை வைத்தே பொருளைப் பிடிக்கிறது. இப்படிக் குறிகளைக் கையாள்வது மட்டும் புரிதலாகாது என்று 1980இலேயே தத்துவவாதி ஜான் சேர்ல் வாதிட்டார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை, ஓயும்வரை நீங்கள் காத்திருக்கவும் வேண்டாம்.

கேள்வியைத் திருப்பிப் போட்டுச் சோதியுங்கள். சம்பளம் 30,000 ரூபா என்று வையுங்கள். ஈ.பி.எப்.புக்கு உங்கள் பங்கு 8 வீதம், அதாவது 2,400. கம்பனி 12 வீதம், 3,600. இப்போது, "ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 900ஐ என் சம்பளத்தில் வெட்டினாங்க, சரிதானே?" என்று கேளுங்கள். சரி என்றால் சும்மா தலையாட்டுகிறது. அந்த 900, அதாவது 3 வீதம், முழுக்கக் கம்பனி கட்ட வேண்டிய காசு. உங்கள் பங்கே 12 வீதம் என்றால், இந்தியச் சட்டத்தைத் தூக்கி வந்திருக்கிறது. ஒவ்வொரு கேள்வியிலும் "இலங்கை" என்று போடுங்கள்.

பணமெடுக்க ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது. கல்யாணத்தின் காரணமாக வேலையை விட்ட பெண் 50 வரை காத்திருக்கத் தேவையில்லை. கல்யாணம் மட்டும் ஆகி, இன்னும் பேர் போட்டு வேலை செய்கிறவருக்கு இது பொருந்தாது. இந்த இடத்தில் ஏஐ வழுக்கும். வேலையை விட்டாச்சா இல்லையா என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

டவுனில் போனைக் காட்டி, "இதுக்கு எல்லாச் சட்டமும் தெரியும், 2,000 ரூபா தாங்க" என்கிற ஆட்களிடம் போகாதீர்கள். ஈ.பி.எப். பணம் கேட்டுக் கொடுக்கும் கே படிவத்துக்குக் காசு கிடையாது. அடையாள அட்டைப் படமோ போனுக்கு வரும் ஓடிபி இலக்கமோ அவர்கள் கைக்குப் போகக் கூடாது.

செக்ரோலில் (தோட்டத்துப் பேர்ப் பதிவேட்டில்) ராமாயி, அடையாள அட்டையில் இராமாயி என்றிருந்தால் கோப்பு திரும்பி வரும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது உணர்வில்லாத ஏஐக்கு விளங்குகிறது, கந்தோருக்குத்தான் விளங்குவதில்லை. தோட்டக் கந்தோரின் கடிதத்தையும் சமாதான நீதவான் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசியையும் முதல் நாளே கோப்போடு சேர்த்துவிடுங்கள்.