டாக்டர் பட்டத்துக்கு நிலத்தை விற்க வேண்டாம்

உசிலம்பட்டிப் பக்கமிருந்து போன மாதம் ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்தது. அப்பா, அம்மா, ப்ளஸ் டூ முடித்த மகள், கூடவே தாய்மாமன். நீட்டில் பாஸ், ஆனால் அரசு சீட்டுக்கு மதிப்பெண் போதாது. ஒன்றே முக்கால் ஏக்கரை விற்று வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்கலாம் என்றார் மாமா. பாப்பா வாயே திறக்கவில்லை.

"ஒண்ணும் பயப்படாதீங்க" என்றுதான் ஆரம்பித்தேன். ஏஜென்ட் எழுதிக் கொடுத்த செலவுக் கணக்கைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். கல்லூரிக் கட்டணம் மட்டும்தான் அதில் இருந்தது. திரும்பி வந்து எழுத வேண்டிய தகுதித் தேர்வு, அதற்கான பயிற்சி மையம், அதற்குப் பிறகு மருத்துவமனைப் பயிற்சிக்காலம் எதற்கும் கணக்கில்லை. நிலம் போனால் போனதுதான் அண்ணே, தேர்வில் தவறினால் ஏஜென்ட் வந்து நிற்க மாட்டார் என்று சொல்லிவிட்டேன்.

பாப்பாவிடம், பள்ளியில் எது பிடித்தது என்று கேட்டேன். அறிவியல் கண்காட்சிக்காகக் குப்பைமேனி இலையைத் தண்ணீரில் கொதிக்க வைத்து ஒரு சாறு, ஆல்கஹாலில் ஊறவைத்து ஒரு சாறு எடுத்திருக்கிறாள். டீச்சர் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய், பாக்டீரியா வளர்த்த தட்டில் குழி போட்டு இரண்டையும் விட்டாராம். மறுநாள் ஆல்கஹால் சாற்றைச் சுற்றி மட்டும் பாக்டீரியா இல்லாத வட்டம். "ஏன் சார் அப்படி?"

இந்தக் கேள்வியே ஒரு தொழில். செடியில் இருப்பதெல்லாம் தண்ணீரில் இறங்காது. சிலது ஆல்கஹாலில் இறங்கும், எண்ணெய்ப் பசையுள்ளது ஹெக்சேன் என்ற பெட்ரோல் வகைத் திரவத்தில் இறங்கும். ஊறவைப்பதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும், ஆனால் சூடு இல்லை. ஜெர்மனியில் 1879-இல் பால் கொழுப்பை அளக்கச் செய்த சாக்ஸ்லெட் கருவி ஒரே கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஆவியாக்கி இலைமேல் சொட்டவிடும். சாறு நிறைய வரும், மணிக்கணக்கில் கொதிப்பதால் சில பொருள்கள் கெடும். காதுக்குக் கேட்காத மீயொலி அலை அரைமணியிலேயே இறக்கிவிடும். கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரிக்கு மேல், 74 பார் அழுத்தத்துக்கு (காற்றழுத்தத்தைப் போல் 70 மடங்குக்கும் மேல்) மேல் கொண்டுபோய் அதில் சாறு எடுத்தால் கரைப்பான் வாடையே மிஞ்சாது, மெஷின் விலைதான் மலைக்க வைக்கும். சாறு அதிகம் என்றால் வீரியம் அதிகம் என்று அர்த்தமில்லை. மலேரியா மருந்தைத் தேடிய சீனாவின் து யூயூ, சூடுதான் கெடுக்கிறது என்று பிடித்து, 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதருக்கு மாறினார். 2015-இல் நோபல் பரிசு.

"வெறும் ஆல்கஹாலை ஒரு குழியில் விட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். பாப்பா முகம் மாறிவிட்டது. ஆல்கஹாலே பாக்டீரியாவைக் கொல்லுமே!

மாமா "இதைப் படிச்சா என்ன வேலை?" என்றார். மூலிகைச் சாறு தயாரிக்கும் கம்பெனி, சித்த மருந்து, உணவு என்று எங்கும் தரப் பரிசோதனைக்கு ஆள் வேண்டும். மதுரையிலேயே அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேரலாம், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் சம்பளம் சுமார்தான், அதை மறைக்க மாட்டேன். ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் சேர எழுதும் ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்சி., பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) வாங்கினால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அந்த ஆராய்ச்சியை முடித்து பிஎச்.டி. வாங்கினால் பெயருக்கு முன்னால் டாக்டர் தானாக வரும், மாமாவுக்கும் திருப்தி.

நேற்று பாப்பா போன் செய்தாள். டீச்சரோடு மறுபடி செய்து பார்த்தாளாம். வெறும் ஆல்கஹால் குழியைச் சுற்றியும் வட்டம் வந்திருக்கிறது, சாற்றின் வட்டம் அதைவிடக் கொஞ்சம் பெரிது. எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் நம்பலாம் சார் என்கிறாள்.