ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயுக்களையும் அமிலத்தன்மையையும் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டைப் படிக்க நர்ஸுக்கும் தெரிய வேண்டுமா? எங்கே தொடங்குவது?

கட்டாயம் தெரிய வேண்டும். நீங்கள் ஐசியூவுக்குப் புதிதாக வந்திருப்பீர்கள், "பேப்பரை டாக்டர்கிட்ட கொடுத்தா போதும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

முதலில் பிஎச், அதாவது ரத்தம் அமிலமா காரமா என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். 7.35க்குக் கீழே அமிலம், 7.45க்கு மேலே காரம். அப்புறம் கார்பன் டை ஆக்சைடு, 35 முதல் 45 வரை. அது நுரையீரலின் பொறுப்பு. அமிலத்தைச் சமன்செய்கிற பைகார்பனேட் 22 முதல் 26. அதைப் பெரும்பாலும் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். இதெல்லாம் சுவரில் ஒட்டிய சார்ட்டிலேயே இருக்கும். ஆனால் வரம்புக்குள் இருக்கிற எண்ணும் ஆபத்தாக இருக்கலாம் என்பதை எந்தச் சார்ட்டும் சொல்லாது.

பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு நைட் டியூட்டி. சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலினை நிறுத்திவிட்டு, ரத்தத்தில் அமிலம் ஏறி, அதாவது கீட்டோஅசிடோசிஸோடு வந்த கல்லூரிப் பையன். வரும்போது புஸ் புஸ் என்று மூச்சு வாங்கியது. விடியும் நேரத்தில் அடங்கியது. எட்டிப் பார்த்த அவன் அம்மா, "இப்பத்தான் சிஸ்டர் நிம்மதியா தூங்குறான்" என்றார். ஏபிஜி வந்தது: பிஎச் 7.04, பைகார்பனேட் 10, கார்பன் டை ஆக்சைடு 38. "38 நார்மல்தானே" என்றார் கூட இருந்தவர்.

பைகார்பனேட் குறைந்து வருகிற இந்த மாதிரி அமிலத்தில், பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி 8 கூட்டினால் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரியும். 2 கூடக் குறைய இருக்கலாம். அவனுக்கு 23 இருந்திருக்க வேண்டும். வேகமாக மூச்சுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றி அமிலத்தோடு போராடியவன் களைத்துவிட்டான், அதனால்தான் 38. "சார், பையன் தூங்கல, சோர்ந்துட்டான்" என்று டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன். வந்து பார்த்ததும் சீனியரை அழைத்தார். வென்டிலேட்டரில் போட்டு, மூச்சு எண்ணிக்கையைக் குறைய விடாமல் வைத்தார்கள். பையன் பிழைத்து வீட்டுக்குப் போனான். அதில் எனக்குப் பெருமைதான்.

நர்ஸ் டாக்டர் வேலையில் தலையிடுவதா என்று கேட்பவர்களுக்கு: நான் மருந்தோ சிகிச்சையோ முடிவு செய்யவில்லை. கட்டில் பக்கத்தில் இரவெல்லாம் நிற்பவள் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். 1952இல் கோபன்ஹேகன் போலியோ பரவலில் டாக்டர்களே பைகார்பனேட் கூடியதைப் பார்த்துக் காரம் என்று நினைத்தார்கள். மூச்சுவிட முடியாமல் தேங்கிய கார்பன் டை ஆக்சைடால் வந்தது அது என்று சொன்னவர் மயக்கவியல் நிபுணர் பியோர்ன் இப்சென். அதன் பிறகுதான் தொண்டையில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் முறைபோட்டுப் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார்கள்.

இத்தனை படித்து வேலை பார்த்தாலும், "ராத்திரி வெளியே போற பொண்ணுக்கு வாடகைக்கு வீடு இல்ல" என்று பெங்களூர் அல்சூரில் நம் தமிழ்க்காரர்களே முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் வயிறு எரிகிறது.

சரி, நாளைக்கே செய்ய ஒன்று சொல்கிறேன். சாம்பிள் எடுத்ததும் சிரிஞ்சில் உள்ள காற்றுக் குமிழியை வெளியேற்றிவிட்டு உடனே மெஷினுக்குக் கொண்டுபோங்கள். குமிழி இருந்தால் கார்பன் டை ஆக்சைடு குறைவாகக் காட்டும், களைத்துப்போகிற நோயாளி நன்றாக இருப்பதுபோல் தெரியும்.