இரட்டையர் டென்னிஸ் மட்டுமே ஆடித் தொழில்முறை வீரராக வாழ முடியுமா?

உங்கள் மகனுக்குப் பதினேழு வயது. ஒற்றையர் பிரிவில் மாநிலப் போட்டிகளின் இரண்டாம் சுற்றைத் தாண்டத் திணறுகிறான். இரட்டையரில் மட்டும் தொடர்ந்து அரையிறுதிக்கு வருகிறான். ஒற்றையரை விட்டுவிட்டு அவனை இரட்டையருக்கென்றே தயார் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2007 முதல் 2013 வரை, தொழில்முறை டென்னிஸின் அடிமட்டமான ஃபியூச்சர்ஸ் போட்டிகளில், பெரும்பாலும் இரட்டையரில், ஆடியவன். இப்போது சென்னையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கிறேன். வாழ முடியும் என்பதே என் பதில். ஆனால் அந்த வாழ்க்கையின் சுமை எங்கே விழுகிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒற்றையரில் தேறாதவர்கள் ஒதுங்கும் இடம்தான் இரட்டையர் என்ற எண்ணம் பெற்றோர்களிடம் மட்டுமல்ல, பயிற்சியாளர்கள் பலரிடமும் இருக்கிறது. அது தவறு. இந்திய வீரர் ரோகன் போபண்ணாவின் ஒற்றையர் தரவரிசை 213-ஐத் தாண்டி மேலே போனதே இல்லை. அதே மனிதர் 2024 ஜனவரியில் மேத்யூ எப்டனுடன் சேர்ந்து ஆஸ்திரேலிய ஓப்பனை வென்று, 43 வயதில் இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தைப் பிடித்தார். ஓட்டத்திலும் நீண்ட ராலிகளிலும் அவரை வென்றிருக்கக்கூடியவர்கள் இருநூறு பேர் இருந்திருக்கலாம். சர்வ் (பந்தைப் போட்டுத் தொடங்குவது), முதல் வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது), ரிட்டர்ன் (சர்வைத் திருப்பி அடிப்பது) என்ற மூன்றையும் அவர் அளவுக்குச் செய்யக்கூடியவர்கள் மிகச் சிலர்தான்.

இரட்டையர் என்பது வேறொரு கலை. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இரட்டையரில் சர்வ் முறைப்படி மாறி மாறி வருவதாலும், செட்டின் ஒற்றைப்படை ஆட்டங்களுக்கு (கேம்களுக்கு) பிறகு பக்கம் மாறுவதாலும், ஒரு செட் முழுவதும் ஒருவர் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் போடுவார். எனவே வெயில் கண்ணில் அடிக்கும் முனை யாருக்கு, கடற்காற்று எதிரே வீசும் முனை யாருக்கு என்பதை ஒவ்வொரு செட்டின் தொடக்கத்திலும் இணையர் தீர்மானித்துக்கொள்ளலாம். ஒருவர் இடக்கையர், மற்றவர் வலக்கையர் என்றால், பந்தைத் தூக்கிப் போடும்போது சூரியன் இருவர் கண்ணிலும் படாதபடி அமைத்துக்கொள்ளலாம். அமெரிக்க இணையான பிரையன் சகோதரர்களில் பாப் இடக்கையர், மைக் வலக்கையர். அவர்கள் சேர்ந்து வென்ற 16 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களில் இத்தகைய சிறு கணக்குகளுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். சென்னையில் ஏப்ரல் மாதப் பிற்பகலில் ஆடிய எவருக்கும் இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று விளக்க வேண்டியதில்லை.

அதோடு, ஆண்கள் தொழில்முறைச் சுற்றான ஏடிபி போட்டிகளில் 2006 முதல் இரட்டையருக்கு விதிகள் சுருக்கப்பட்டுவிட்டன. ஒரு கேமில் புள்ளிகள் 40-40 என்று வந்துவிட்டால், அடுத்த ஒரே புள்ளியில் அந்த கேம் முடிந்துவிடும். அந்தப் புள்ளியில் எந்தப் பக்கம் ரிட்டர்ன் எடுப்பது என்பதை, சர்வை எதிர்கொள்ளும் அணியே தேர்ந்தெடுக்கும். மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளிகளுக்கான ஒரு குறு ஆட்டம் (டை-பிரேக்). ஒன்றரை மணி நேரம் நன்றாக ஆடியவர்கள் இரண்டு தவறான ரிட்டர்ன்களால் ஊருக்குப் பெட்டி கட்ட நேரும். பொறுமையாகப் போராடி வெல்லும் இயல்புள்ள பையன்களுக்கு இது கொடுமை. அழுத்தமான நொடியில் துணிந்து நெட்டின் குறுக்கே பாய்கிற பையன்களுக்கு இது வரம். உங்கள் மகன் எந்த வகை என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். தரவரிசை உங்கள் மகனுடையது. போட்டிக்குள் நுழைவதோ இருவரின் தரவரிசையையும் கூட்டி வரும் எண்ணைப் பொறுத்தது. கூட்டுத்தொகை சிறியதாக இருப்பவர்களுக்கு முதலில் இடம். ஏடிபி சுற்றின் கீழ்ப்படியான வழக்கமான ஏடிபி 250 போட்டியில் மொத்தமே 16 இணைகள்தான். ஆகவே ஒவ்வொரு வாரமும் மனத்தில் ஓடும் கேள்வி, அடுத்த வாரம் எங்கே, யாரோடு என்பதுதான். ஒற்றையர் வீரர் தன் ஆட்டத்தை மட்டும் கவனித்தால் போதும். இரட்டையர் வீரர் இன்னொருவரின் தோள் வலியையும், விசாவையும், கைப்பணத்தையும், வீட்டுக் கல்யாணத்தையும் தன் நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு வாழ வேண்டும்.

2011-இல், நானும் என் இணையும் இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்த சமயம், வடக்கே ஓர் ஊருக்கு ரயிலில் போய் இறங்கினேன். பதிவுக்கு முந்தைய இரவு அவன் தொலைபேசியில் அழைத்து, தன்னைவிடத் தரவரிசையில் மேலே இருந்த ஒருவருடன் ஆடப்போவதாகச் சொன்னான். தெரியாத ஊரில், இணை தேடி விடுதியின் ஒவ்வோர் அறைக் கதவையும் தட்டினேன். கிடைத்தவர் ஒரு தகுதிச் சுற்று ஆட்டக்காரர். அவர் என்னைப் போலவே ஆட் கோர்ட்டில், அதாவது ஆடுகளத்தின் இடப்பக்கத்தில், நின்று பழகியவர். முதல் சுற்றிலேயே தோற்றோம். ஓராண்டு காலம் அவன்மீது எனக்கு ஆறாத கோபம் இருந்தது. பிறகுதான் ஒரு நாள் எண்களைக் கூட்டிப் பார்த்தேன்: என்னோடு ஆடியிருந்தால் ஃபியூச்சர்ஸுக்கு அடுத்த படியான சேலஞ்சர் போட்டிகளில் அவனுக்கு இடமே கிடைத்திருக்காது, அவரோடு ஆடியதால் கிடைத்தது. அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. அவன் செய்ததில் முறை தவறியது, அதை முந்தைய இரவு சொன்னது மட்டும்தான். நாங்கள் இன்றும் பேசிக்கொள்கிறோம்.

2017 ஜனவரியில், சென்னை ஓப்பனின் இரட்டையர் இறுதி ஆட்டத்தை நுங்கம்பாக்கம் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நெட்டின் இருபுறமும் இந்தியர்கள். திவிஜ் சரண் - பூரவ் ராஜா இணையைப் போபண்ணாவும் நம் ஊர் ஜீவன் நெடுஞ்செழியனும் வென்றார்கள். ஜீவனுக்கு அது முதல் ஏடிபி பட்டம். வலக்கையரான போபண்ணாவின் சர்வுக்குப் பிறகு இடக்கையரான ஜீவனுடைய சர்வ் வந்தபோது எதிரணிக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. சென்னையில் நடந்த கடைசி ஆண்கள் ஏடிபி சுற்றுப் போட்டியும் அதுதான். மறு ஆண்டு அது புணேக்குப் போய்விட்டது. ஜீவன் 2024 செப்டம்பரில், இன்னொரு சென்னைக்காரரான விஜய் சுந்தர் பிரசாந்துடன் சேர்ந்து சீனாவின் ஹாங்சோவில் பட்டம் வென்றார்; முதல் செட்டை இழந்து, இரண்டாவதை டை-பிரேக்கில் மீட்டு, கடைசியில் 10-7. இரண்டு பட்டங்களுக்கும் இடையே ஏழு ஆண்டுகள் ஓடியிருந்தன. இருவரும் முப்பத்தைந்தை எட்டியவர்கள். ஒற்றையரில் அந்த வயதுக்குள் பெரும்பாலோர் ஓய்வு பெற்றிருப்பார்கள். இரட்டையர் நீண்ட ஆயுளைத் தருகிறது. ஆனால் இடையில் வரும் ஆண்டுகளில் பெயர் செய்தித்தாளில் வராது என்பதையும் வீடு தாங்கிக்கொள்ள வேண்டும்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். அடிமட்டத்தில் உள்ள எம்15 போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர். அதில் பெரும்பகுதி ஒற்றையருக்குப் போய்விடும். இரட்டையர் பட்டத்தையே வென்றாலும் ஒருவர் கைக்கு வருவது அந்த வாரச் செலவுக்குச் சரியாக இருக்கும். உச்சியிலும் இடைவெளி உண்டு: 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 31.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். போபண்ணா - எப்டன் இணைக்கு, இருவருக்கும் சேர்த்து, 7.3 லட்சம். ஆகவே முதல் சில ஆண்டுகளின் செலவை யார் ஏற்பது என்பதை இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே போன்ற துறைகளில் வேலை பெற்று, ஆடிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அதில் எந்தத் தாழ்வும் இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு உங்கள் கேள்விக்கு வருகிறேன்: பதினேழு வயதில் ஒற்றையரை விட்டுவிட வேண்டாம். ஒற்றையரில் தோற்றாலும் சரி, அந்த ஆட்டங்கள்தான் கால்களையும் ரிட்டர்னையும் வளர்க்கும். எப்டனே ஒற்றையரில் 39-ஆம் இடம் வரை போனவர். மேலும், போட்டி நடக்கும் ஊரில் ஒற்றையர் தகுதிச் சுற்றில் ஆடினால்தான் மற்ற வீரர்கள் அவனைப் பார்ப்பார்கள்; இணையாகச் சேர யாராவது அழைப்பார்கள். பத்தொன்பது, இருபது வயதில் இரு தரவரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்கலாம். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள். அங்கே அணிப் போட்டிகளில் இரட்டையருக்குத் தனிப் புள்ளி உண்டு, ஜீவனும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர்தான்.

இந்த ஆண்டு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இதுவரை அவன் அரையிறுதிக்கு வந்த போட்டிகளில் யார் யாரோடு ஆடினான் என்று எழுதிப் பாருங்கள். ஒரே பையனோடு என்றால், அந்தப் பையனின் பெற்றோருடன் பேசி, அடுத்த ஆறு மாதப் பயணங்களை இருவருக்கும் சேர்த்தே திட்டமிடுங்கள். வெவ்வேறு பையன்களோடு ஆடியும் அரையிறுதி வந்திருந்தால், அவனை ஒரு நாள் காலை ஆறு மணிக்கு என் கோர்ட்டுக்கு அழைத்து வாருங்கள்; அவன் சர்வையும் முதல் வாலியையும் நான் பார்க்க விரும்புகிறேன்.