போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) கம்பைல் செய்து நிறுவும்போது 'ரீட்லைன் லைப்ரரி இல்லை' என்று நின்றுவிடுகிறது. லைப்ரரி ஏற்கெனவே இருக்கிறதே, என்ன செய்வது?

இருக்கிறது, ஆனால் பாதிதான் இருக்கிறது. உபுண்டுவில் லைப்ரரி பெரும்பாலும் இரண்டு பேக்கேஜாக வரும். புரோகிராம் ஓடுவதற்கு ஒன்று. கம்பைல் செய்கிறவனுக்கு வேண்டிய ஹெடர் ஃபைல்களும் லிங்க்கர் தேடுகிற ஃபைலும் 'டெவ்' என்று முடிகிற இன்னொன்றில் இருக்கும். உங்களிடம் இருப்பது முதலாவது. லிப்ரீட்லைன்-டெவ் போடுங்கள், தாண்டிவிடும். அடுத்து இசட்லிப் கேட்டு நிற்கும், அதற்கு இசட்லிப்1ஜி-டெவ். 16ஆம் பதிப்பு என்றால் இதற்கெல்லாம் முன்பே ஐசியு (மொழிக்கேற்ற அகரவரிசை தருகிற லைப்ரரி) கேட்டிருக்க வேண்டும். நீங்கள் ரீட்லைன் வரை வந்திருக்கிறீர்கள் என்றால் ஒன்று லிப்ஐசியு-டெவ் இருக்கிறது, இல்லையென்றால் '--வித்அவுட்-ஐசியு' என்று போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். இரண்டாவதுதான் என்று என் மனது சொல்கிறது, ஏனென்றால் நானும் அதைத்தான் செய்தேன்.

எங்கள் நகரக் கோயிலின், அதாவது நகரத்தார் கோயிலின், புள்ளிக் கணக்கை (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் கணக்கை) கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற காரியக்காரர் என் அம்மான் (தாய்மாமன்), ஆகவே சம்பளப் பேச்சே கிடையாது. என் லேப்டாப்பில் உபுண்டு 24.04, போஸ்ட்கிரெஸ் 16. கோயில் ஆபீஸில் இருந்த மெஷினில் 22.04, அதன் ரெப்போவில் (பேக்கேஜ் கிடங்கில்) கிடைப்பது போஸ்ட்கிரெஸ் 14. 16இல் எடுத்த பேக்கப்பை 14 வாங்கிக்கொள்ளாது. அதனால் சோர்ஸை எடுத்துப்போய் அங்கேயே கம்பைல் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். போஸ்ட்கிரெஸ்காரர்களின் சொந்த ரெப்போவைச் சேர்த்திருந்தால் நேராக இறங்கியிருக்குமே என்று கமெண்டில் எழுத வருகிறவர்களுக்கு: தெரியும் சாமி, இப்போது தெரியும்.

அங்கே நெட் என்பது என் போன் ஹாட்ஸ்பாட்தான், அதுவும் திண்ணையின் ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு கோடு காட்டும். முதலில் 'சி கம்பைலரே இல்லை' என்றது. பில்ட்-எசென்ஷியல் இறக்குவதற்குள் அன்றைய டேட்டாவில் பெரும்பகுதி போய்விட்டது. அப்புறம் ஐசியு இல்லை, ரீட்லைன் இல்லை, இசட்லிப் இல்லை. ஒவ்வொரு எரரின் கடைசியிலும் 'வேண்டாமென்றால் இதைப் போட்டுக்கொள்' என்று அதுவே வழி சொல்கிறது. மூன்றுக்கும் வித்அவுட் போட்டேன். சோறு வருவதற்குள் நிறுவி முடித்துவிட்டேன்.

வினை அப்புறம்தான் வந்தது. பேக்கப்பை ஏற்றப் போனால், இந்த பில்டில் கம்ப்ரெஷன் வசதி கிடையாது என்றது. அதுதான் இசட்லிப். சரி என்று வீட்டுக்கு வந்து கம்ப்ரெஸ் செய்யாமல் மறுபடி எடுத்துப் போய் ஏற்றினேன். கமாண்ட் அடிக்கிற பீஎஸ்கியூஎல்லில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கமாண்ட் வராமல் ஏதோ கிறுக்கல் வந்தது. அது ரீட்லைன். அதையும் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, கணக்குப்பிள்ளை. பட்டியலை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பழைய நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து விரலால் ஓட்டிக்கொண்டே வந்தவர், சின்னையாவில் நின்றார். "தம்பி, சிவலிங்கம்ல முன்னால வரணும்?"

அவர் சொன்னதுதான் சரி. நம் வரிசையில் வகரம் முன்னால், னகரம் கடைசி. யூனிகோடு எண் வரிசையிலோ னகரம் நகரத்தை ஒட்டி, பகரத்துக்கும் முன்னால் வந்துவிடுகிறது. நான் டேட்டாபேஸைத் தொடங்கியது 'சி' லொக்கேலில் (மொழி அமைப்பில்), அது அந்த எண்ணைப் பார்த்தே அடுக்கும். ஐசியு இருந்திருந்தால் தமிழ் வரிசை கூடவே வந்திருக்கும். 'டிஏ-எக்ஸ்-ஐசியு' என்று கொலேஷன் (அடுக்கும் வரிசை) கொடுத்தால் முடிந்தது. வித்அவுட் போட்டவனுக்கு அது எங்கே இருக்கும்?

இந்த இடத்தில் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். கல்யாணமான தம்பதிதான் எங்களுக்கு ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப் புள்ளி. அந்த அரைக்காக முழு எண் மட்டும் வாங்குகிற இன்டிஜர் நெடுவரிசையை, பின்னமும் வாங்குகிற நியூமெரிக்காக மாற்றிக் கொடுத்தவன் நான், மாற்றாவிட்டால் 0.5ஐ 1 ஆக்கிவிடும். எனக்கு வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. நானே செய்த டேபிளில் எனக்கு ஒரு வரி கிடையாது. வழக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் மெஷின் மக்கர் செய்தால் மட்டும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது.

சரி. மறுநாள் மூன்று டெவ் பேக்கேஜையும், கூடவே பிகேஜி-கான்ஃபிக்கையும் வைத்துக்கொண்டு, 'மேக் டிஸ்ட்கிளீன்' கொடுத்து பழைய பில்டைத் துடைத்துவிட்டு, கம்பைலுக்கு முன் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிற கான்ஃபிகரை முதலிலிருந்து ஓட்டினேன். டேட்டாபேஸ் ஃபோல்டரைத் தொடங்கி வைக்கிற இனிட்டீபியையும் புதிதாகச் செய்தேன், பழைய கிளஸ்டரில் (அப்படி முன்பு தொடங்கிய ஃபோல்டரில்) ஐசியு கொலேஷன்கள் தாமாக வந்து சேராது.

டெவ் போட்டும் உங்களுக்கு நின்றால் கான்ஃபிகர் எழுதி வைக்கிற கான்ஃபிக்.லாக்கைத் திறங்கள். கடைசிப் பக்கங்கள் வெறும் வேரியபிள் பட்டியல், அதைப் பார்த்து மிரள வேண்டாம். 'லரீட்லைன்' என்று தேடுங்கள். கான்ஃபிகர் ஒரு குட்டி சி புரோகிராமை எழுதி கம்பைல் செய்து பார்த்த இடம் வரும், லிங்க்கர் என்ன சொல்லித் திட்டியது என்பது அதற்குக் கீழேயே இருக்கும். அந்த நாலு வரியைக் கமெண்டில் போடுங்கள், ஸ்கிரீனை போட்டோ எடுத்துப் போடாதீர்கள்.