கத்தரியில் இலை சிறுத்தால் முதலில் பூவைப் பாருங்கள்

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் அரை ஏக்கரில் கத்தரி போட்டிருக்கிறேன். நட்டு 60 நாள் ஆகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகளில் இலை சிறுத்து, செடியே புதர் மாதிரி ஆகிவிட்டது, காய் பிடிக்கவில்லை. மருந்துக் கடையில் துத்தநாகக் குறைபாடு என்று நுண்ணூட்டம் கொடுத்தார்கள். இரண்டு தடவை அடித்தும் மாற்றமில்லை. இப்போது வைரஸ் என்கிறார்கள். உண்மையில் இது என்ன? மற்ற செடிகளைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு படங்களில் மூன்றில் வெறும் இலைதான் இருக்கிறது. அதை மட்டும் வைத்துச் சொல்வதென்றால் நானும் கடைக்காரர் சொன்னதையே சொல்லியிருப்பேன். நான்காவது படத்தின் ஓரத்தில், உங்கள் கட்டைவிரலுக்குப் பக்கத்தில், ஒரு பூ தெரிகிறது. ஊதாவாக இருக்க வேண்டிய இதழ்கள் பச்சையாக, குட்டி இலைகள் போல நிற்கின்றன. சத்துக் குறைந்தால் பூ உதிரும், சிறுக்கும். இப்படி இலையாக மாறாது. இது சிற்றிலை நோய். காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி.

இந்த நோய் நமக்குப் புதிதல்ல. 1930-களின் கடைசியிலேயே கோயம்புத்தூரில் பதிவாகியிருக்கிறது. அப்போதெல்லாம் இதை வைரஸ் என்றுதான் நினைத்தார்கள். 1967-இல் ஜப்பானில் குட்டை நோய் வந்த மல்பெரிச் செடிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான், செல்சுவரே இல்லாத பாக்டீரியா வகை ஒன்று செடிக்குள் உணவைக் கடத்தும் உணவுக்குழாய்த் திசுவுக்குள் குடியிருப்பது தெரிந்தது. அதனால் வைரஸ் என்று சொன்ன கடைக்காரரை ரொம்பவும் குறை சொல்ல வேண்டாம். விஞ்ஞானிகளே பல ஆண்டுகள் அப்படித்தான் சொன்னார்கள்.

சரி, வயலில் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? செடியை முழுதாகப் பாருங்கள். சிற்றிலை வந்த செடியில் இலை சிறுப்பதோடு காம்பும் குட்டையாகிவிடும். இலைகள் தண்டில் ஒட்டவைத்தது போலத் தெரியும். தொட்டால் மெத்தென்று இருக்கும். கணுவிடைவெளி சுருங்கி, தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய பக்க மொட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பி, துடைப்பம் மாதிரி தழைக்கும். சில செடிகளில் ஒரு கிளை மட்டும் இப்படியாகி, பக்கத்துக் கிளையில் காய் தொங்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்; கிருமி செடி முழுவதும் பரவும்.

துத்தநாகக் குறைபாடு அங்கொன்றும் இங்கொன்றுமாக வராது. ஒரு திட்டாகவோ வயல் முழுக்கவோ வரும். நரம்பு பச்சையாக இருக்க நடுவே வெளுக்கும். நுண்ணூட்டம் அடித்தால் அடுத்து வரும் தளிர் தேறிவிடும். நீங்கள் இரண்டு தடவை அடித்தும் தேறவில்லை என்பதே ஒரு சோதனை முடிவுதான், காசு கொடுத்துச் செய்த சோதனை. சிலந்திப்பேன் என்றால் இலை சுருண்டு, அடிப்பக்கம் பழுப்பேறி மினுங்கும். லென்ஸ் வைத்தால் பேன் தெரியும். வைரஸ் என்றால் பெரும்பாலும் இலையில் தேமல் இருக்கும். பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்திருந்தால், அந்தப் பக்கத்துச் செடிகள் எல்லாம் ஒரே வாரத்தில் முறுக்கிக்கொள்ளும்.

எள் போடும் ஊர்க்காரர்களுக்கு இன்னும் எளிது. எள்ளின் பச்சைப்பூ நோயும் ஃபைட்டோபிளாஸ்மாதான். பூ இருக்க வேண்டிய இடத்தில் இலைக்கொத்து நிற்கும். அதற்காக எள்ளில் இருப்பதும் கத்தரியில் இருப்பதும் ஒரே வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வகை பிரிக்க, கிருமியின் மரபணுவைப் பார்க்கும் பிசிஆர் சோதனைதான் வழி. சோதனைக்கு அனுப்புவதானால் நன்றாக அறிகுறி தெரியும் இளங்கிளையைக் காம்போடு அனுப்புங்கள். கிருமி இருப்பது உணவுக்குழாயில் என்பதால் காம்பும் நடுநரம்பும்தான் வேண்டும். பழைய இலைப்பரப்பை மட்டும் கிள்ளி அனுப்பினால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வர வாய்ப்புண்டு. நல்ல செடி ஒன்றிலிருந்தும் மாதிரி எடுத்து, தனியாகப் பேர் எழுதி வையுங்கள். உங்கள் அரை ஏக்கருக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. பச்சைப் பூ ஒன்றே போதும்.

இனி மருந்து. நோய் வந்த செடி திரும்பாது. பூஞ்சாணக்கொல்லி இதை ஒன்றும் செய்யாது. டெட்ராசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் அறிகுறி சிறிது நாள் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். சாப்பிடும் காய்க்கு அது வேண்டவே வேண்டாம். கவாத்து செய்து மறுதழைவு விடலாம் என்ற யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். வரும் துளிரும் சிற்றிலையாகத்தான் வரும்.

பிடுங்குவதுதான் வழி. ஆனால் பரப்புவது தத்துப்பூச்சி. இலையைத் திருப்பினால் நண்டு போலப் பக்கவாட்டில் ஓடுமே, அதுதான். செடியைப் பிடுங்கும்போது பூச்சி பக்கத்துச் செடிக்குத் தாவிவிடும். முதலில் தத்துப்பூச்சிக்கான மருந்தை அடித்துவிட்டு, அப்புறம் பிடுங்குங்கள். கத்தரியில் எந்த மருந்து, அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிடுங்கியது காய்ந்துவிட்டால் கிருமியும் செத்துவிடும். வேரோடு வர வேண்டும், அவ்வளவுதான். கிருமி ஏறி அறிகுறி தெரிய ஒரு மாதம் போல ஆகும் என்பதால், பிடுங்கிய பிறகும் புதிதாகச் சில செடிகள் தெரியும். வாரம் ஒரு சுற்று போய் வாருங்கள். நோய் முற்றிய செடியில் பெரும்பாலும் காயும் விதையும் பிடிக்காது. அடுத்த முறை நாற்றங்காலை வலைக்குள் போடுங்கள். சின்ன வயதில் நோய் ஏறினால்தான் இழப்பு அதிகம்.

இன்னொன்று. மோட்டார் கொட்டகை ஓரத்தில் நித்தியகல்யாணி நின்றால் அதன் பூவையும் பாருங்கள். இந்த நோய் அதிலும் தங்கும். பூ பச்சையாக இருந்தால் அதையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள்.