விளையாட்டு ஐகான்கள் வரையும் மகள்: ஒரு தந்தையின் மூன்று கேள்விகளுக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதமும் அதனுடன் அனுப்பியிருந்த பன்னிரண்டு படங்களும் கிடைத்தன. பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகள் பள்ளி விளையாட்டு விழாவுக்காக ஓட்டம், நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், கபடி, கோ-கோ, சிலம்பம், இறகுப்பந்து என்று ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு சிறிய ஐகான் வரைந்து கொடுத்ததையும், அவற்றைப் பார்த்துத் தலைமையாசிரியர் மேடையிலேயே பாராட்டியதையும், அன்று முதல் “இன்ஜினீயரிங் வேண்டாம், டிசைன்தான் படிப்பேன்” என்று அவள் உறுதியாகச் சொல்லி வருவதையும் எழுதியிருந்தீர்கள். இது ஒரு வேலையா, இதற்கென்று படிப்பு உண்டா, கம்ப்யூட்டரே படம் வரைந்து தரும் இந்தக் காலத்தில் இது நிலைக்குமா என்ற உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்வதற்கு முன், அந்தப் படங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் மகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவற்றிலிருந்து தெரிந்ததுதான்.

பன்னிரண்டையும் மேசைமேல் பரப்பி வைத்துப் பார்த்தேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நன்றாகவே இருக்கிறது. பாடிச் செல்பவர் பிடிபட்ட பிறகும் நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டும் அந்த ஒரு கணத்தை அவள் கபடிப் படத்தில் பிடித்திருக்கும் விதம், ஆட்டத்தை உற்றுப் பார்த்தவருக்கு மட்டுமே கைவரும். ஆனால் ஓட்டக்காரரின் தலை பட்டாணி அளவு என்றால் சிலம்பக்காரரின் தலை கொண்டைக்கடலை அளவு இருக்கிறது. இறகுப்பந்து மட்டை மெல்லிய கோட்டில் வரையப்பட்டிருக்க, ஈட்டியோ தடித்த பட்டையாக இருக்கிறது. நீளம் தாண்டுபவருக்கு விரல்கள் உண்டு. மற்ற எவருக்கும் இல்லை. ஆகவே இவை பன்னிரண்டு நல்ல படங்களே தவிர, இன்னும் ஒரு தொகுப்பு ஆகவில்லை. பதினாறு வயதுப் பெண்ணிடம் குறை காண்பதற்காக இதை எழுதவில்லை. பன்னிரண்டு நல்ல படங்களுக்கும் ஒரு தொகுப்புக்கும் உள்ள இந்த இடைவெளியைக் கடப்பதுதான் நீங்கள் கேட்கும் அந்த வேலை என்பதால் எழுதுகிறேன்.

இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் மதிப்பும் புரியும். 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தபோது, வந்திறங்கிய வெளிநாட்டவரில் பெரும்பாலோருக்கு ஜப்பானிய எழுத்து தெரியாது; அத்தனை மொழிகளிலும் பலகை எழுதி வைப்பதும் நடக்கிற காரியம் அல்ல. மசாரு கட்சுமியின் தலைமையில் இயங்கிய வடிவமைப்பாளர் குழு, விளையாட்டுகளுக்கு 20 படக்குறிகளையும் கழிப்பறை, தொலைபேசி, முதலுதவி போன்ற பொது வசதிகளுக்கு 39 படக்குறிகளையும் உருவாக்கியது. விளையாட்டுக் குறிகளை வரைந்தவர் யோஷிரோ யமாஷிதா. ஒலிம்பிக்கில் முழுமையான ஒரு முறையாக அமைந்த முதல் தொகுப்பு என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1972-இல் மியூனிக் போட்டிகளுக்காக ஜெர்மானிய வடிவமைப்பாளர் ஓட்ல் ஐஷரும் அவருடைய குழுவினரும் செய்ததை உங்கள் மகள் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும். அவர்கள் முதலில் வரைந்தது எந்த விளையாட்டையும் அல்ல, ஒரு சதுரக் கட்டத்தை. அந்தக் கட்டத்துக்குள் கிடைக்கோடு, செங்குத்துக் கோடு, 45 பாகையில் சாய்ந்த கோடு ஆகிய மூன்றும்தான் உடலின் திசைகளாக அனுமதிக்கப்பட்டன. தலைக்கு ஒரு வட்டம், கை கால்களுக்கு ஒரே தடிமனுள்ள பட்டைகள் என்று உறுப்புகளை முதலிலேயே முடிவு செய்துகொண்டு, அந்த உறுப்புகளை மட்டும் இடம் மாற்றி மாற்றி வைத்து நீச்சல், குத்துச்சண்டை, குதிரையேற்றம் என்று 21 விளையாட்டுகளையும் அமைத்தார்கள். அந்த முறை அவ்வளவு உறுதியாக இருந்ததால் 1976 மான்ட்ரியல் போட்டிகளிலும் அதே குறிகள் சிறு மாற்றங்களுடன் பயன்பட்டன. எழுத்துகளைக் கூட்டிச் சொல் அமைப்பதைப் போல உறுப்புகளைக் கூட்டி விளையாட்டை அமைக்க முடியும் என்று அவர்கள் காட்டியது, என் பார்வையில், கடந்த நூற்றாண்டு வடிவமைப்பின் மிக அழகான காரியங்களில் ஒன்று.

இதற்கு இடைப்பட்ட 1968-இல் மெக்சிகோ வேறு வழியில் போனது. அமெரிக்க வடிவமைப்பாளர் லான்ஸ் வைமன் பங்குகொண்ட அந்தத் தொகுப்பில் முழு மனித உருவம் பெரும்பாலும் இல்லை. விளையாட்டுக் கருவியோ உடலின் ஒரு பகுதியோதான் படத்தை நிரப்பியது. 2024-இல் பாரிஸும் மனித உருவத்தை விட்டுவிட்டு, கருவிகளையும் ஆடுகளக் கோடுகளையும் வைத்துக் குலச்சின்னம் போன்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தது. ஆளை வரைவதா, கருவியை வரைவதா என்ற இந்த ஒரு முடிவைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் எடுக்க வேண்டும். உங்கள் மகள் பத்துப் படங்களில் ஆளையும், கேரம், சதுரங்கம் இரண்டில் வெறும் கருவியையும் வரைந்திருக்கிறாள். உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களுக்கு அது பொருத்தமாகவே தோன்றும் என்றாலும், காரணத்தை அவளாகவே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சரியான சோதனை எது என்றால், கையில் கோல் வைத்திருக்கும் விளையாட்டுகளைச் சொல்வேன். ஈட்டி எறிதலும் சிலம்பமும் பெரிய தாளில் முற்றிலும் வேறு வேறாகத் தெரிகின்றன. அவற்றைக் கைப்பேசித் திரையில் விரல்நுனி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். இரண்டும் “கோல் ஏந்திய ஒரு மனிதர்” என்ற ஒரே படமாகிவிடும். நாளை கோலூன்றித் தாண்டுதலையும் ஹாக்கியையும் சேர்த்தால் சிக்கல் இன்னும் கூடும். முகபாவமோ உடையோ அந்த அளவில் உதவாது. கோல் இருக்கும் இடமும் அதன் கோணமும் முழங்காலின் மடிப்பும் மட்டுமே உதவும். ஈட்டி தோளுக்கு மேலே சாய்வாக இருந்து, உடல் பின்னால் சரிந்து, மறு கை முன்னே நீண்டிருந்தால் அது எறிதல். கோல் இரு கைகளுக்கும் நடுவே குறுக்காக இருந்து, கால்கள் அகன்று முழங்கால் மடிந்திருந்தால் அது சிலம்பம். கோல் சுழல்வதைக் காட்ட அவள் ஒரு வளைகோடு போட்டிருக்கிறாள். பார்ப்பதற்கு அது நன்றாக இருந்தாலும், அசைவைக் காட்டும் கோடு ஒரு படத்தில் வந்துவிட்டால், ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் அது ஏன் இல்லை என்ற கேள்வி வரும். ஒன்று எல்லாவற்றிலும் இருக்க வேண்டும், அல்லது எதிலும் இருக்கக் கூடாது. இறகுப்பந்தையும் டென்னிஸையும் பிரிப்பது பந்துதான் என்பதால், இறகுப்பந்தை உண்மை அளவைவிடப் பெரிதாகவே வரைய வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் மற்ற பந்துகளுக்கும் அதே சலுகை தர வேண்டும்.

இனி அவள் செய்ய வேண்டியது. விலை கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். முதலில் கிராஃப் தாளும் பென்சிலும் போதும். பிறகு இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் போதும். 24-க்கு 24 கட்டங்கள் கொண்ட சதுரத்தில், 2 கட்டத் தடிமனில் கோடுகளை வைத்து வரைவது செயலி ஐகான்களில் பரவலாக உள்ள வழக்கம் என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம். வரைவதற்கு முன் ஒரே ஒரு தாளில் தன் விதிகளை எழுதட்டும். தலையின் விட்டம் எத்தனை கட்டம், எந்தெந்தக் கோணங்கள் அனுமதி, கோட்டின் முனை வட்டமா சதுரமா, இரண்டு கோடுகளுக்கு நடுவே குறைந்தது எவ்வளவு இடைவெளி என்பவை அதில் இருக்க வேண்டும். கண் ஏமாறும் இடங்களையும் அவள் அப்போது கண்டுகொள்வாள். ஒரே உயரத்தில் ஒரு வட்டத்தையும் ஒரு சதுரத்தையும் அருகருகே வைத்தால் வட்டம் சிறியதாகத் தெரியும். அதனால்தான் சதுரத்துக்கு 18 கட்டம் கொடுத்தால் வட்டத்துக்கு 20 கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. விதிகள் முடிந்ததும் பன்னிரண்டையும் புதிதாக வரைந்து, மேலும் எட்டைச் சேர்த்து இருபதாக்கட்டும்.

இந்த வேலை நடக்கும்போது உங்களுக்கும் ஒரு பணி இருக்கிறது. பதினைந்தாவது ஐகானுக்கு வரும்போது, எழுதி வைத்த விதிகளில் ஒன்று நிச்சயமாக இடிக்கும். அதை மாற்றினால் முன்பு வரைந்த பதினான்கையும் திருத்த வேண்டும். அந்த நாளில் அவளைக் கவனியுங்கள். சலித்துக்கொண்டாலும் மறுநாள் திரும்ப உட்கார்ந்து பதினான்கையும் திருத்துகிறாளா, அல்லது இது ஒன்று மட்டும் விதிவிலக்காக இருக்கட்டும் என்று கடந்து போகிறாளா என்பது, காசு கட்டி எழுதும் எந்தத் திறனறித் தேர்வையும்விட உங்களுக்குத் தெளிவாகச் சொல்லும். கை ஓட்டம் பழகப் பழக வரும். இந்தப் பொறுமை ஓரளவு இயல்பிலேயே இருக்க வேண்டும்.

படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம், அதாவது என்ஐடி, பி.டெஸ். என்ற நான்கு ஆண்டு வடிவமைப்பு இளநிலைப் பட்டப் படிப்பை நடத்துகிறது, அதன் நுழைவுத் தேர்வில் எழுத்துத் தேர்வுக்குப் பிறகு செய்முறைத் தேர்வும் உண்டு. மும்பை, டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் முதலிய ஐஐடிகளின் பி.டெஸ். படிப்புக்கு, மும்பை ஐஐடி நடத்தும் யூசீட் தேர்வை எழுத வேண்டும்; அதிலும் வரைந்து காட்டும் பகுதி இருக்கிறது. இரண்டுக்கும் பிளஸ் டூவில் எந்த குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம் என்பதால், இப்போது குரூப் மாற்ற வேண்டும் என்று அவள் கேட்டால் மறுத்துவிடுங்கள். கணிதம் கையில் இருக்கும்வரை மற்றக் கதவுகளும் திறந்தே இருக்கும். செலவு கட்டுப்படியாக வேண்டும் என்றால், 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் காட்சித் தொடர்பு வடிவமைப்புக்கென்று தனித் துறையே இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் வளாகத்தின் ஃபேஷன் கம்யூனிகேஷன் படிப்பிலும் கிராஃபிக் டிசைன் ஒரு பாடமாக வருகிறது.

பெற்றோர் வழக்கமாகத் தவறவிடுவது தேதியைத்தான். என்ஐடி, யூசீட் இரண்டுக்கும் விண்ணப்பங்கள் பொதுத் தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். தேர்வுகளும் டிசம்பர், ஜனவரியை ஒட்டியே வருகின்றன. பிளஸ் டூ முடிவு வந்த பிறகு விசாரிக்கலாம் என்று இருப்பவர்களுக்கு ஓர் ஆண்டு போய்விடுகிறது. அப்படித் தவறவிட்ட ஒரு மாணவர், சில ஆண்டுகளுக்கு முன் என் பேச்சைக் கேட்டு ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே நான்கு ஆண்டுகளும் மென்பொருளின் பொத்தான்களைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். விதி எழுதவோ ஒரு தொகுப்பை முடிக்கவோ ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்களின் வேலைகளை நேரில் பார்க்காமல் பரிந்துரைத்தது என் தவறு, இன்றும் அது என்னை உறுத்துகிறது. ஆகையால் எந்தத் தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டும் முன்பும், இறுதியாண்டுக் கண்காட்சிக்கு மகளையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். காட்ட மறுத்தால் சேர்க்க வேண்டாம்.

இது வேலையா என்று கேட்டீர்கள். நாள் முழுவதும் ஐகான் மட்டும் வரையும் வேலை மிக அரிது என்பதை மறைக்க விரும்பவில்லை. செயலிகளின் திரையமைப்பு, மெட்ரோ நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வைக்கும் வழிகாட்டிப் பலகைகள், நிறுவனங்களின் அடையாள வடிவமைப்பு ஆகியவற்றில் இது ஒரு பகுதியாக வரும். அங்கெல்லாம் ஆள் எடுப்பவர்கள் சான்றிதழோடு, சில நேரம் அதற்கும் முன்னால், போர்ட்ஃபோலியோவை, அதாவது ஒருவர் செய்து முடித்த வேலைகளின் தொகுப்பை, பார்க்கிறார்கள். பன்னிரண்டு தனிப் படங்களைவிட, விதிகளோடு முடித்த இருபது ஐகான்களின் ஒரே ஒரு தொகுப்பு அங்கே அதிகம் பேசும்.

கம்ப்யூட்டர் வரைந்துவிடுமே என்ற உங்கள் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளிதழுக்கோ அழைப்பிதழுக்கோ ஒற்றைப் படம் வரைந்து பிழைப்பவர்களுக்கு நெருக்கடி வந்துவிட்டது. அது மேலும் கூடும். ஒரு தொகுப்பில் மட்டும் நிலைமை சற்று வேறு. இருபத்தோராவது ஐகான் முதல் இருபதோடு ஒத்துப்போகிறதா, விரல்நுனி அளவில் சிலம்பம் சிலம்பமாகவே தெரிகிறதா, கோ-கோவில் முதுகுகாட்டி உட்கார்ந்திருப்பவர் அந்த ஆட்டத்தையே பார்த்திராத ஒருவருக்கு எதைச் சொல்கிறார் என்பதையெல்லாம் தீர்மானித்து, அதற்குப் பொறுப்பேற்க ஓர் ஆள் தேவைப்படுகிறார். இருபது ஆண்டுகளுக்கு இந்த நிலை மாறாது என்று என்னால் உறுதி கூற முடியாது. இன்ஜினீயரிங் படிப்புகள் பலவற்றுக்கும் அப்படி உறுதி கூற முடியாது என்பதையும் நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

அரையாண்டுத் தேர்வு முடியும்வரை இதைத் தொட வேண்டாம். விடுமுறையில் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்தாலும் முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்பே விதிகளும் முதல் பத்து ஐகான்களும் முடிந்துவிடும். மீதியைக் கோடையில் வரையலாம். இருபதும் முடிந்ததும், ஒவ்வொன்றையும் அரை அங்குல அளவில் அச்சிட்டு, பெயர் எழுதாமல், வீட்டில் இருக்கும் பாட்டியிடமும் பக்கத்து வீட்டுச் சிறுவனிடமும் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் எதை எதுவாகப் புரிந்துகொண்டார்கள் என்பதை அவள் திருத்தாமல் அப்படியே எழுதி வைக்க வேண்டும். அந்தக் குறிப்பையும், விதிகள் எழுதிய தாளையும், இருபது ஐகான்களையும் எனக்கு அனுப்புங்கள். நான் முதலில் படிக்கப்போவது விதிகள் எழுதிய தாளைத்தான்.