இடப்பக்கம் மட்டும்தான் படுக்கணுமா?

கேள்வி: தலைப்பிரசவம், 30-வது வாரம். இடப்பக்கம்தான் படுக்கணும், புரண்டு படுத்தால் கொடி சுற்றிக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்துதான் திரும்பணும் என்கிறார் மாமியார். அந்தப் பயத்திலேயே தூக்கம் போய்விட்டது. விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறேன். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?
- வாசகி, திண்டுக்கல்

பயப்படாதீர்கள். மல்லாந்திருப்பது தெரிந்ததும் ஒருக்களித்துப் படுத்துத் தூங்குங்கள், போதும். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டிய பெருஞ்சிரையை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், சிலருக்குத் தலைசுற்றும். குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். அதனால் பகலோ இரவோ, படுக்கப் போகும்போதே ஒருக்களித்துப் படுங்கள். இடது, வலது இரண்டுமே சரி. நெஞ்செரிச்சல் இருந்தால் மட்டும் இடதுபக்கம் இதமாக இருக்கும்.

கொடி சுற்றுவது குழந்தை உள்ளே சுழல்வதால். நீங்கள் புரள்வதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் படுக்கையை விட்டு எழும்போது ஒருக்களித்து, காலைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழுவது இடுப்புக்கு நல்லது.

தலையணையை முழங்காலுக்கு நடுவில் மட்டும் வைத்தால் பாதம் தொங்கி இடுப்பு இழுக்கும். கணுக்கால்வரை நீளும் தலையணையாக வையுங்கள். வயிற்றுக்கு அடியில் மடித்த பழைய நூல்புடவை, முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணை. தூக்கத்தில் சரிந்தாலும் முழுதாக மல்லாந்துவிட மாட்டீர்கள்.

குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: ஏழாம் மாதம். இரவில் படுத்ததும் காலில் பூச்சி ஊர்வதுபோல் இருக்கிறது. எழுந்து நடந்தால் அடங்குகிறது. சத்து மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுகிறேன்.
- வாசகி, தென்காசி

கெண்டைக்கால் சுருண்டு இறுகிப் பிடித்தால் அது தசைப்பிடிப்பு. காலை நீட்டி, விரல்களை முகத்தை நோக்கி இழுத்தால் விடும். உங்களுடையது வேறு. இந்தக் குடைச்சலுக்கு இரும்புச்சத்துக் குறைவு முக்கியக் காரணம். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். சேமிப்பில் இருக்கும் இரும்பை அதுதான் காட்டும்.

மாத்திரையை எப்போது, எதோடு சாப்பிடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. பால், டீ, காபியும் அதைத் தடுக்கும். கால்சியத்தைக் காலை, மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டு, இரும்பு மாத்திரையை மாலை 5 மணிவாக்கில் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு சாப்பிடுங்கள். இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாலைக் காபியை நிறுத்துங்கள்; அது குடைச்சலையும் கூட்டும், தூக்கத்தையும் கெடுக்கும். தூக்கம் வரட்டும் என்று நீங்களாகச் சளி, அலர்ஜி மாத்திரை போட்டுக்கொள்ளவே கூடாது. அவற்றில் சில இந்தக் குடைச்சலை அதிகமாக்கும்.

ஊர்வதற்குப் பதில் அரிப்பாக இருந்தால், அதிலும் தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்காலில் இரவில் அதிகமானால், எண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அது கல்லீரல் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிப் பித்த அமிலம், கல்லீரல் ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.